மோகன ராகத்துக்கு ஏற்ப மௌத் ஆர்கனில் ஒரு ரீட்டை மாற்றுவது

பத்துத் துளை 'சி' மௌத் ஆர்கனில் ஒன்று முதல் மூன்று துளைகளுக்குள் தைவதம் ('ஏ') நேராகக் கிடையாது. மூச்சை இழுத்து, சுருதியை வளைத்துத்தான் பிடிக்க வேண்டும். நாட்டுப்புற மெட்டு வேகமெடுத்தால் அந்த வளைவு தடுமாறும். 'பேடி ரிக்டர்' என்ற சுருதி மாற்றும் முறையில் மூன்றாம் துளையை ஊதினால் வரும் 'ஜி', 'ஏ' ஆக உயர்கிறது. இரண்டாம் துளையை இழுத்தாலே அதே 'ஜி' வருவதால் நஷ்டமில்லை. மோகனத்தின் ச ரி க ப த: 1 ஊது, 1 இழு, 2 ஊது, 2 இழு, 3 ஊது.

மூடியையும் மேல்தட்டையும் கழற்றுங்கள். ஊதும் ரீட்கள் (அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்குகள்) தட்டின் உட்புறம் இருக்கும். நீளமான ரீட்டிலிருந்து மூன்றாவதே நமக்கு வேண்டியது. அதனடியில் 0.05 மி.மீ. தகட்டைச் செருகி, நுனியை மட்டும் மெல்லிய அரத்தால் நீளவாக்கில் தேயுங்கள். குறுக்கே கீறினால் பிற்பாடு அங்கேயே முறியும். ஆணிப்பக்கம் தேய்த்தால் சுருதி இறங்கும். 392 ஹெர்ட்ஸிலிருந்து 440 வரை போவது நெடுந்தூரம், பொறுமை வேண்டும். தேய்த்த சூடு ஆறியபின், எல்லாவற்றையும் பூட்டி, மெதுவாக ஊதி டியூனர் செயலியில் பாருங்கள். ஆலையில் 'ஏ'-வை 442 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்த்த கருவியானால் அதற்கே பொருத்துங்கள்.

விலையும் உண்டு: முதல் நான்கு துளைகளைச் சேர்த்து ஊதினால் பழைய சுத்தமான மேஜர் கார்டு வராது. மூன்றாம் துளை இழுப்பும் கைசிகி நிஷாதம் ('பி ஃபிளாட்') வரைதான் வளையும். ஹரிகாம்போதி ராகத்துக்கு அது போதும்.

சிங்கப்பூர் ஈரப்பதத்தில் மரச் சீப்பு (ரீட் தட்டுகளுக்கு நடுவிலுள்ள துளைச் சட்டம்) உப்பும். பிளாஸ்டிக் சீப்புள்ள கருவியையே தேர்ந்தெடுங்கள்.