ஸ்போர்ட் டூரிங் வண்டியின் எடையைக் குறைத்தல்: எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது

நெடுந்தூரம் களைப்பின்றிப் போக வேண்டும், மலைப்பாதை வளைவுகளில் துடிப்பாகத் திரும்பவும் வேண்டும் என்னும் இரண்டு தேவைகளுக்காக உருவானது ஸ்போர்ட் டூரிங் வகை மோட்டார் சைக்கிள். முதல் தேவைக்காகச் சேரும் பெரிய பெட்ரோல் டேங்க், அகலமான காற்றுத் தடுப்பு, பெட்டிகள், பருமனான இருக்கை, சில வண்டிகளில் செயினுக்குப் பதிலாகச் சுழலும் தண்டால் பின்சக்கரத்தை ஓட்டும் ஷாஃப்ட் டிரைவ் ஆகியவை எல்லாம் இரண்டாவது தேவைக்குப் பாரமாகிவிடுகின்றன. யமஹா எஃப்ஜேஆர் 1300 பெட்ரோல் நிரப்பிய நிலையில் 290 கிலோவை ஒட்டி நிற்கிறது. பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஆர்டி சுமார் 279 கிலோ. கவாசாகி 1400 ஜிடிஆர் 300 கிலோவைத் தாண்டுகிறது. செயின் டிரைவுடன் வரும் யமஹா ட்ரேசர் 9 ஜிடி ஏறக்குறைய 220 கிலோதான். பட்டறை வேலையால் 290 கிலோ வண்டியை 220 கிலோவுக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் டூரிங் குணம் கெடாமல் 15 முதல் 20 கிலோ வரை இறக்குவது நடக்கக்கூடிய காரியம். அந்தக் கிலோக்கள் வண்டியின் எந்த இடத்திலிருந்து இறங்குகின்றன என்பதே மொத்த எண்ணிக்கையைவிட முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ள ஒரு சிறு கணக்குப் போதும். 290 கிலோ வண்டி, உடையும் தலைக்கவசமும் சேர்த்து 85 கிலோ ஓட்டுநர், 25 கிலோ சாமான் என்றால் மொத்தம் 400 கிலோ. அதில் 20 கிலோ குறைந்தால் 5 சதவீதம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 400 கிலோவிடம் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 154 கிலோஜூல். 380 கிலோவானால் அது 147 கிலோஜூலுக்கு அருகில் வந்துவிடுகிறது. நிற்கும் தூரத்தைப் பெரும்பாலும் டயரின் பிடிப்பே தீர்மானிப்பதால், அந்தத் தூரம் இதே விகிதத்தில் குறையும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆனால் நீண்ட மலையிறக்கத்தில் பிரேக் வாங்கும் சூடு குறைவதும், நிறுத்துமிடத்தில் வண்டியைத் தள்ளித் திருப்பும்போது இடுப்புக்குக் கிடைக்கும் நிம்மதியும் உடனே தெரியும்.

முதலில் எடை போடுங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன்பு வண்டியை எடை போட்டாக வேண்டும். உடல் எடை பார்க்கும் டிஜிட்டல் தராசு ஒன்றும், அதே உயரத்துக்குப் பலகையும் போதும். பெரிய வண்டியின் பின்சக்கரத்தில் மட்டும் 150 கிலோவுக்கு மேல் இறங்கக்கூடும் என்பதால் தராசின் உச்ச வரம்பை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் தராசின் மேல் ஒரு சிறு மரத்துண்டை வைத்து, அளவைப் பூஜ்யமாக்கி, அதன்மீது முன்சக்கரத்தை ஏற்ற வேண்டும். பின்சக்கரம் அதே உயரமுள்ள பலகையின் மேல் நிற்க வேண்டும். இருபுறமும் இருவர் லேசாகப் பிடித்து வண்டியைச் செங்குத்தாக நிறுத்தி அளவைக் குறித்துக்கொண்ட பிறகு, தராசையும் பலகையையும் இடம் மாற்றிப் பின்சக்கரத்தை அளக்கலாம். பிடிப்பவர் வண்டியைத் தூக்கினாலோ அழுத்தினாலோ கணக்குத் தப்பிவிடும். ஆகவே மூன்று முறை அளந்து, ஒத்துப்போகும் அளவை எடுத்துக்கொள்வது நல்லது.

இரண்டு எண்களையும் கூட்டினால் மொத்த எடையும், தனித்தனியே பார்த்தால் முன் பின் பங்கீடும் கிடைக்கும். பெட்ரோல் லிட்டருக்கு ஏறக்குறைய 0.75 கிலோ என்பதால் 25 லிட்டர் டேங்க் நிரம்பியிருப்பதற்கும் காலியாக இருப்பதற்கும் 19 கிலோ வரை வேறுபாடு வரும். எனவே ஒவ்வொரு முறையும் டேங்கை நிரப்பிவிட்டே அளக்க வேண்டும். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும், அதற்குப் பதிலாகப் பூட்டும் பாகத்தையும் சமையலறைத் தராசிலோ, பயணப் பெட்டி எடைபோடும் கொக்கித் தராசிலோ அளந்து நோட்டில் எழுதி வையுங்கள். விளம்பரத்தில் சொல்லப்படும் எடைக் குறைப்பு பெரும்பாலும் பூட்டும் கிளாம்புகளையும் போல்ட்டுகளையும் சேர்க்காமல் சொல்லப்படுவது.

செலவே இல்லாத கிலோக்கள்

இருக்கையைத் தூக்கி அதன் அடியில் இருப்பதை எல்லாம் வெளியே எடுத்துப் பரப்பிப் பாருங்கள். இந்த வண்டியில் எந்த நட்டுக்கும் பொருந்தாத ஸ்பேனர், முழுதும் காய்ந்துபோன பஞ்சர் பசை, இரண்டாவது மழையுறை, எப்போதோ வாங்கிய கனமான சங்கிலிப் பூட்டு என்று பலருடைய வண்டியிலும் ஒரு மூட்டையே கிடக்கும். உங்கள் வண்டியின் அச்சு நட்டு, பேட்டரி முனை, கண்ணாடி, உறைகள் ஆகியவற்றுக்கு உண்மையில் எந்தெந்த அளவுக் கருவிகள் வேண்டும் என்று ஒருமுறை பார்த்து, அவற்றை மட்டும் ஒரு சிறு துணிச்சுருளில் வைத்தாலே 1 முதல் 2 கிலோ வரை குறைந்துவிடும்.

பெட்டிகள் அடுத்து. கடினப் பக்கப்பெட்டி ஒன்று காலியாகவே 4 முதல் 6 கிலோ வரை இருக்கும். மேற்பெட்டியும் அதன் தாங்கியும் சேர்ந்து ஏறக்குறைய அதே அளவு வரும். பயணம் இல்லாத நாட்களில் இவற்றைக் கழற்றி வீட்டில் வைப்பதைவிடப் பெரிய எடைக் குறைப்பு எந்த விலையுயர்ந்த பாகத்திலும் கிடைக்காது. மேற்பெட்டி எடையில் மட்டுமின்றி இடத்திலும் கெடுதல் செய்வது. அது பின் அச்சுக்கும் பின்னால், மிக உயரத்தில் அமர்வதால் முன்சக்கரத்தின் மேலுள்ள அழுத்தத்தைக் குறைத்து, அதிக வேகத்தில் வண்டி ஆடுவதற்கு வழி செய்கிறது. பயணத்தில் கனமான பொருட்களைப் பக்கப்பெட்டிகளின் அடியில், முன்பக்கச் சுவரை ஒட்டி அடுக்க வேண்டும். மேற்பெட்டியில் மழைச்சட்டை போன்ற இலேசான பொருட்கள் மட்டும் போதும். ஒரு வாரப் பயணத்துக்கு மென்துணிப் பைகள் போதுமென்றால் கடினப் பெட்டிகளை அறவே விட்டுவிடலாம். ஆனால் பைகளின் வார்ப்பட்டை சைலன்சரைத் தொடாமல் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும்.

நகரத்துக்குள் மட்டும் ஓடும் வாரங்களில் டேங்கைப் பாதி நிரப்பினால் 9 கிலோ குறையும். டேங்க் வண்டியின் மேற்பகுதியில் இருப்பதால் அந்த 9 கிலோவின் பயன் மெதுவாக ஓட்டும்போது நன்றாகவே உணரப்படும்.

சென்டர் ஸ்டாண்டைப் பற்றி இரு கருத்துகள் உண்டு. அது 3 முதல் 5 கிலோ வரை இருக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த எடை மிகத் தாழ்வாக இருப்பதால் வளைவில் பெரிதாக இடையூறு செய்வதில்லை. சாய்வு அதிகமாகும்போது அதன் கொம்பு தரையில் உரசுவதே அங்கு வரும் பிரச்சினை. வழியில் செயினுக்கு எண்ணெய் இடவும், பஞ்சரான பின்சக்கரத்தைக் கழற்றவும் அது உதவுவதால், தனியே தொலைதூரம் போகிறவர் அதை விட்டுவைப்பதே சரி என்று நினைக்கிறேன்.

பேட்டரி

செலவழித்துக் குறைப்பதில் முதலிடம் பேட்டரிக்குத்தான். இவ்வகை வண்டிகளில் வரும் ஈய அமில பேட்டரி சுமார் 4 கிலோ. அதே இடத்தில் அமரும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 1 கிலோவுக்குச் சற்று மேலே நின்றுவிடும். பத்து நிமிட வேலையில் 3 கிலோ போய்விடுகிறது என்றாலும், வாங்குவதற்கு முன்பு சிலவற்றைச் சோதிக்க வேண்டும்.

எஞ்சினை 4000 முதல் 5000 சுற்று வரை ஏற்றி, பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 13.6 முதல் 14.6 வோல்ட்டுக்குள் நின்றால் நல்லது. 15 வோல்ட்டைத் தொடும் வண்டியில், சார்ஜ் ஆகும் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைச் சரிசெய்யாமல் லித்தியம் பேட்டரியைப் பூட்டக் கூடாது. அடுத்து, சாவியை அணைத்த பிறகும் அலாரம், ஜிபிஎஸ் போன்றவை மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். லித்தியம் செல்கள் அடியோடு வடிந்துவிட்டால் பெரும்பாலும் மீளாது. பெட்டியில் அச்சிடப்படும் ஆம்பியர் மணி எண் பல நேரங்களில் ஈய அமில பேட்டரிக்கு நிகரானது என்ற பொருளில் போடப்படுவது. உண்மையான கொள்ளளவு அதில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட இறங்கியிருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டு விளக்கையும் சூடேற்றும் கைப்பிடியையும் எரியவிடும் பழக்கம் உள்ளவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும். கடுங்குளிரில் முதல் முயற்சியில் ஸ்டார்ட்டர் சோர்ந்து சுற்றினால், ஹெட்லைட்டை ஒரு நிமிடம் எரியவிட்டு பேட்டரியைச் சற்றுச் சூடாக்கிய பிறகு மீண்டும் முயலலாம். சார்ஜரும் லித்தியத்துக்கென உள்ளதாகவே இருக்க வேண்டும்.

சைலன்சர்

இரட்டைச் சைலன்சர் உள்ள வண்டிகளில், எஞ்சினிலிருந்து வரும் குழாய்களை விட்டுக் கடைசிப் பகுதியை மட்டும் மாற்றும் ஸ்லிப் ஆன் வகைச் சைலன்சருக்கு மாறினால் 3 முதல் 5 கிலோ வரை குறையும். ஒற்றைச் சைலன்சரானால் 2 கிலோவை ஒட்டிக் குறையும். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை நீக்கும் முழு அமைப்புகள் இன்னும் அதிகம் குறைத்தாலும், புகை விதிகளை மீறுவதால் அவை பொதுச் சாலைக்கு உரியவை அல்ல. ஒலி அளவுக்குச் சான்று பெற்ற சைலன்சரையே தேர்ந்தெடுங்கள். நாள் முழுதும் ஓட்டுகிறவருக்கு அந்த ஓசை சட்டத்துக்கும் முன்னால் காதுக்குத் தொல்லையாகிவிடும். பக்கப்பெட்டி பூட்டிய நிலையில் புதுச் சைலன்சருக்கும் பெட்டிக்கும் இடையே வெப்பம் தாக்காத இடைவெளி இருக்கிறதா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

சக்கரமும் சுழலும் பாகங்களும்

சுழலும் எடைக்குத் தனி மதிப்பு உண்டு. விளிம்பில் இருக்கும் 1 கிலோ, வண்டியோடு சேர்ந்து முன்னே போவதுடன் தானும் சுற்ற வேண்டியிருப்பதால், பிக்கப்பைப் பொறுத்தவரை ஏறக்குறைய 2 கிலோவுக்குச் சமமாகிறது. அதோடு சக்கரம், டயர், பிரேக் டிஸ்க், அந்த டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிபர் ஆகியவை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. அவை இலேசாக இருந்தால் மேடுபள்ளத்தில் டயர் தரையை விட்டு எழாமல் விரைவாகத் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். சக்கரத்தைக் கழற்றி, அச்சின் இரு முனைகளையும் கைகளில் பிடித்துச் சுற்றவிட்டு, இடமும் வலமும் சாய்த்துப் பாருங்கள். அந்தச் சாய்வை எதிர்க்கும் விசையைத்தான் வளைவுக்கு வளைவு ஹேண்டில்பாரில் நீங்கள் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள்.

சாமானும் பின்னிருக்கைக்காரரும் ஏறும் வண்டிக்கு, அழுத்தி அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு அலுமினியச் சக்கரமே என் தேர்வு. கார்பன் சக்கரம் இன்னும் இலேசானது. ஆனால் குழியில் விழுந்து அடிபட்டால் உள்ளே ஏற்பட்ட சேதம் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். மெக்னீசியம் அரிப்புக்கு எளிதில் இடம் கொடுப்பது. பூச்சு உரிந்தால் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். எதை வாங்கினாலும் உங்கள் வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடைக்கு அது தகுதி பெற்றதா என்று தயாரிப்பாளரின் தாளில் பாருங்கள்.

டயரில் எடையைத் தேடும்போது எச்சரிக்கை தேவை. பின் டயரில் 180/55 இசட்ஆர் 17 என்ற அளவுக்கு அடுத்து வரும் 73 என்ற எண் 365 கிலோவையும், முன் டயரில் வரும் 58 என்ற எண் 236 கிலோவையும் தாங்கும் திறனைக் குறிக்கிறது. கனமான டூரிங் வண்டிகளுக்கென உறுதியாகக் கட்டப்பட்ட ஜிடி வகை டயர் சற்றுக் கனமாகவே இருக்கும். கையேடு அதைக் கேட்டால் இலேசான டயரை நாடக் கூடாது.

செயின் டிரைவ் வண்டியில் 530 செயினை அதைவிட ஒடுங்கிய 520 செயினாக மாற்றி, பின் ஸ்ப்ராக்கெட்டை அலுமினியமாக்கினால் 1 கிலோவை ஒட்டிக் குறையும். அலுமினியப் பற்கள் எஃகைவிட விரைவில் தேய்ந்துவிடும் என்பதால், நெடும்பயணக்காரர் 525 செயினுடனும் எஃகு ஸ்ப்ராக்கெட்டுடனும் நிறுத்திக்கொள்ளலாம். பிரேக் டிஸ்க்கைத் துளையிட்டு எடை குறைப்பது உயிரோடு விளையாடுவது. தேவையானால் இலேசாக வடிவமைக்கப்பட்ட டிஸ்க்கையே வாங்கிப் பூட்ட வேண்டும்.

போல்ட்டுகள்

டைட்டானியத்தின் அடர்த்தி எஃகில் ஏறக்குறைய 57 சதவீதம். அலுமினியம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். வண்டி முழுவதும் மாற்றினாலும் குறைவது அரைக் கிலோ, ஒரு கிலோ என்ற அளவில்தான் நிற்கும். ஆகவே இது கடைசி வேலை. அலுமினிய போல்ட்டை உறைகளுக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் மட்டுமே பயன்படுத்தலாம்; காலிபர், அச்சு, ஹேண்டில்பார், ஃபுட்பெக் ஆகியவற்றின் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது. டைட்டானிய போல்ட் அலுமினியத் துளையில் இறுகிப் பற்றிக்கொள்ளும் தன்மையது என்பதால், மரையில் ஆன்டி சீஸ் பசையைத் தடவிய பிறகே பூட்ட வேண்டும். பசை தடவிய மரைக்கு டார்க் அளவு, அதாவது இறுக்க வேண்டிய விசையின் அளவு, மாறும் என்பதால் போல்ட் தயாரிப்பாளர் தரும் அளவைப் பின்பற்ற வேண்டும்.

ஏபிஎஸ், வெப்பத் தடுப்புத் தகடுகள், முன் மட்கார்டு, பிரதிபலிப்பான்கள், காற்றுத் தடுப்பு ஆகியவற்றைத் தொடாதீர்கள். காற்றுத் தடுப்பை இழந்த டூரிங் வண்டியில் ஓட்டுநரின் தோளும் கழுத்தும் நாளடைவில் படும் பாடு, குறைந்த சில கிலோக்களுக்கு ஈடாகாது.

எடை இறங்கிய பிறகு

பெட்டிகளுக்கும் இன்னொருவருக்கும் ஏற்ப இறுக்கி வைத்திருந்த பின் ஸ்பிரிங், எடை குறைந்ததும் வண்டியின் பின்பகுதியை மேலே தூக்கிவிடும். அப்போது திருப்பம் தேவைக்கு மேல் கூர்மையாகும். ஹெட்லைட்டின் ஒளியும் தாழ்ந்து விழும். சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்பி, அச்சிலிருந்து அதற்கு நேர் மேலே ஒரு குறி வரை அளந்துகொள்ளுங்கள். பின்பு உடையணிந்து ஏறி அமர்ந்து, வேறொருவரை அதே இடத்தை அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சாலை வண்டிகளில் பொதுவாக 30 முதல் 40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். அதற்கு ஏற்ப ஸ்பிரிங்கின் முன் இறுக்கமான ப்ரீலோடைத் தளர்த்தி, பின்பகுதி துள்ளுவதாக உணர்ந்தால், அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்டை ஒவ்வொரு கிளிக்காக மாற்றிச் சோதியுங்கள். சாமானுடன் போகும் அமைப்பு, தனியே போகும் அமைப்பு என இரண்டையும் நோட்டில் தனித்தனியே எழுதி வைத்தால் பயணத்தன்று காலையில் தடுமாற வேண்டியதில்லை.

மாற்றிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும், அதை ஒட்டிய உலோகத்திலும் சேர்த்து ஒரு கோடாகப் பெயின்ட் இட்டுவிடுங்கள். முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும், வண்டி குளிர்ந்த பிறகு அந்தக் கோடுகள் விலகாமல் நேராக இருக்கின்றனவா என்று பார்த்து, விலகியவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்து, டார்க் ரெஞ்ச்சால் மீண்டும் உரிய அளவுக்கு இறுக்க வேண்டும்.