லண்டன் போற கொழும்பு ஆக்களுக்கு: ஹாரிசன்ஸ் ரொக்ஸ்ல கல்லைக் கெடுக்காம ஏறுறது எப்பிடி

கொழும்பில ஜிம் சுவர்ல ஏறிப் பழகின ஆக்கள் இப்ப கொஞ்சப்பேர் இருக்கினம், அதில கனபேர் படிக்கவோ மாமா சித்தி வீட்டுக்கோ எண்டு லண்டன் போறவை, போனவுடன கேக்கிற கேள்வி ஒண்டுதான், கிட்டடியில உண்மையான கல்லு எங்க கிடக்கு எண்டு. ஹாரிசன்ஸ் ரொக்ஸ்தான் விடை. கிழக்கு சசெக்ஸ்ல குரூம்பிரிட்ஜ் கிராமத்துக்குப் பக்கத்தில இருக்கு, லண்டன் பிரிட்ஜில அக்ஃபீல்ட் போற ட்ரெயினில ஏறி எரிட்ஜில இறங்கினா மிச்சம் நடந்தே போகலாம். உயரம் எண்டு பெரிசா இல்லை, 10 மீட்டர் அளவு, ஆனா கல்லைப் பற்றி கொஞ்சம் விளங்கிக்கொண்டு போகோணும், ஏனெண்டா அது நீங்க நினைக்கிற கல்லு இல்லை.

எங்கட நாட்டில கிடக்கிறது பெரும்பாலும் கருங்கல்லு மாதிரி இறுக்கமான சாமான், சுத்தியலால அடிச்சாலும் லேசில அசையாது. அங்க கிடக்கிறது மணற்கல்லு, சுமார் 14 கோடி வருசத்துக்கு முந்தி தண்ணி கொண்டுவந்து கொட்டின மணல். பேக்கரியில சுடச்சுட வாங்கிற ரோஸ் பாண் தெரியும்தானே, மேல மொறமொறப்பான தோல், உள்ள பஞ்சு, அதே கதைதான். வெளித்தோல் மட்டும்தான் கடினம், அது மில்லிமீட்டர் கணக்கு. தோல் ஒருக்கா பிஞ்சுதெண்டா உள்ள இருக்கிற மணல் விரலால சுரண்டவே கொட்டும், அந்தத் தோல் எங்கட ஆயுசுக்குள்ள திரும்பி வராது. கீழ சொல்லுற எல்லா விசயமும் இதில இருந்துதான் வருது, காரணம் விளங்கினா விதியைப் பாடமாக்கத் தேவையில்லை.

முதலாவது, ஈரம். கல்லு ஈரமா இருந்தா ஏறவே கூடாது. மணற்கல்லு ஸ்பொஞ்ச் மாதிரி தண்ணியை இழுத்து வைக்கும், ஈரத்தில பலமும் நல்லாக் குறைஞ்சுபோகும், போன கிழமை வரைக்கும் நூறு பேரைத் தாங்கின பிடி உங்கட கையோட வரலாம். கொழும்பில மழை விட்டு ஒரு மணித்தியாலம் வெயில் அடிச்சா ரோட்டு காஞ்சிடும், அந்தக் கணக்கை அங்க கொண்டுபோகாதேங்கோ. மரங்களுக்குள்ள இருக்கிற இடம், கோடையில காத்தும் வெயிலும் இருந்தாக்கூட ஒண்டு ரெண்டு நாள் பொறுக்கவேணும், குளிர்காலத்தில சில மூலையள் பச்சைப் பாசியோட காயாமலே கிடக்கும். மேல பாத்தா காஞ்ச மாதிரி இருக்கும், நம்பாதேங்கோ, அடிவாரத்து மண்ணைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கோ, உள்ள ஈரமெண்டா கல்லுக்குள்ளயும் ஈரம் எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. மே மாசத்தில இருந்து செப்டம்பர் வரைக்கும் நல்ல காலம்.

நான் முதல்தரம் போன நாள் அப்பிடித்தான். கொழும்பில இருந்து போய் எனக்குக் கிடைச்சது ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை, முதல்நாள் ராத்திரி முழுக்க மழை, சித்தப்பான்ர மகன் கல்லில உள்ளங்கையை வச்சுப் பாத்திட்டு "மச்சான், பையைத் தூக்கு" எண்டான், நான் கெஞ்சின கெஞ்சுக்கு அளவில்லை, இவ்வளவு தூரம் வந்தனான் எண்டு சண்டைகூடப் பிடிச்சன், அவன் அசையேல்லை. ஈஸ்ட் ஹாமில கொத்து திண்டதோட அந்த ட்ரிப் முடிஞ்சுது.

ரெண்டாவது, கயிறு. இதில பிழை விடுறவைதான் கூட. இங்க லீட், அதாவது கீழ இருந்து கயிறைக் கொண்டுபோய் வழியில கொளுவிக் கொளுவி ஏறுறது, இல்லை, கல்லுக்குள்ள எதையும் செருகிறேல்லை, மேல இருந்து கயிறு போட்டு ஏறுறது மட்டும்தான். மேல கயிறு மாட்ட போல்ட் எண்டு இரும்பு ஆணி அடிச்சிருக்கு, ரெண்டு போல்ட்டில இருந்து இழுபடாத ஸ்டாட்டிக் கயிறோ ஸ்லிங் எண்டுற நீட்டு நாடா வளையமோ போட்டு, விளிம்பில படுற இடத்துக்கு அடியில பழைய கார்ப்பெட் துண்டு ஒண்டை வச்சு, ஏறுற கயிறு ஓடுற கரபினரை, அதாவது உலோகக் கொளுவியை, விளிம்புக்குக் கீழ தொங்கவிடுங்கோ. திருகிப் பூட்டுற ஸ்க்ரூகேட் கரபினர் ரெண்டு, வாய் எதிரெதிரா. ஏறுற கயிறு ஓடேக்க கல்லில எங்கயும் உரசக்கூடாது, அதுதான் விசயம். இழுபடுற கயிறு விளிம்பில கிடந்து மேலயும் கீழயும் போனா அது வாள்தான். சந்தேகம் எண்டா மேல போய் விளிம்பைப் பாருங்கோ, பழைய காலத்தில கயிறு அறுத்த பள்ளங்கள் கிடக்கு, என்ர பெருவிரல் முழுசா உள்ள போச்சு, உள்பக்கம் வழவழ எண்டு வாய்க்கால் மாதிரி. போல்ட் இருக்கேக்க மரத்தில கட்டாதேங்கோ, மேல் மண்ணைப் பிடிச்சு வச்சிருக்கிறதே அந்த வேர்தான்.

மேல போய்ச் சேந்தா ஜிம்மில மாதிரி "இறக்கு" எண்டு கத்தாம ஏறிமுடிச்சு மேலால நடந்து வாங்கோ. பாரத்தோட கீழ இறங்கேக்க கயிறும் காலும் கல்லைத் தேய்க்குது. நான் பழக்கதோசத்தில கத்திட்டன், பக்கத்தில நிண்ட வயசான வெள்ளைக்காரர் ஒருத்தர் சிரிச்சுக்கொண்டே மேல கையைக் காட்டினார், வெக்கமாப் போச்சு. அப்சைலிங், அதாவது கயிறில தொங்கி சறுக்கி இறங்கிறது, அங்க தடை, கேக்கவும் வேண்டாம்.

சப்பாத்து. ஒரு பழைய துவாய் கொண்டுபோங்கோ. அடிவாரம் முழுக்க மணல், அடியில ஒட்டின மணலோட கல்லில காலை வச்சா அது சாண்ட்பேப்பர். துவாயில நிண்டு ரெண்டு அடியையும் துடைச்சு அதில இருந்தே கல்லுக்குக் கால் மாத்துங்கோ, நிலத்தில மிதிக்காம. காலை வச்சா வச்சதுதான், சறுக்கித் தேடி உரசுறேல்லை.

சோக், கை வழுக்காமப் பூசுற வெள்ளைத் தூள், எவ்வளவு குறைய ஏலுமோ அவ்வளவு குறைய. ஜெர்மனியில சாக்சன் பக்கத்து மணற்கல்லில சோக்கே தடை, அங்கத்த ஆக்கள் வெறுங்கையோட எங்களைவிட நல்லா ஏறினம். எங்களுக்கு கை வேர்க்கிறது கூட எண்டு சொல்லுவியள், கொழும்பு வெக்கையில ஓம், அங்கத்த குளிரில கை எங்க வேர்க்குது? பிடியை சுத்தமாக்க வயர் பிரஷ் மட்டும் எடுத்திடாதேங்கோ, மெத்தெண்ட பிரஷ் போதும், அதையும் தடவுற மாதிரி.

இந்த இடம் பிரிட்டிஷ் மவுண்டனியரிங் கவுன்சிலுக்குச் சொந்தம், விதிகளை அவையின்ர வெப்சைட்டில போறதுக்கு முதல்நாள் ஒருக்கா பாருங்கோ. பத்துப்பேரா போறியள் எண்டா கல்லில ஏறுற ஒரு பாதையில நாள் முழுக்க கயிறைத் தொங்கவிட்டுக்கொண்டு நிக்காதேங்கோ, நல்ல நாளில சனம் கூட, ஒரே பாதை தேஞ்சும் போகும்.

துவாய் மட்டும் வெள்ளையில கொண்டுபோகாதேங்கோ, என்ரது திரும்பி வெள்ளவத்தைக்கு வந்து மூண்டு தரம் தோய்ச்சும் மணல் போகேல்லை, அம்மா இப்ப அதை பல்கனியில கால்துடைக்கப் போட்டிருக்கிறா.