ஏரியைத் தூர்வாரும்போது விட்டுவைக்க வேண்டியவை

பாலக்கோட்டுக்கு மேற்கே உள்ள எங்கள் ஊர் ஏரியை இரண்டு முறை தூர்வாரியிருக்கிறோம். முதல் முறை, ஆழம் கூடினால் தண்ணீரும் கூடும் என்று நம்பி, பொக்லைனை அதன் போக்கில் விட்டுவிட்டோம். ஐப்பசியில் ஏரி தளும்பியது. தை பிறப்பதற்குள் கட்டாந்தரை. வண்டலோடு அடிக்களிமண்ணையும் வழித்தெடுத்து, பொடிந்த பாறை தெரியும்வரை போய்விட்டோம். தேங்கிய தண்ணீர் அந்த வழியாகவே இறங்கிவிட்டது. அந்த ஆண்டு கடைமடைக்காரர்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதனால் முதலில் மண்ணைக் கையால் பாருங்கள். பங்குனியில் ஏரி வற்றியதும் பத்துப் பன்னிரண்டு இடங்களில் மண்வெட்டியால் குழி எடுங்கள். மேலே இருப்பது வண்டல்: கருமையாக, பொலபொலவென்று, நத்தை ஓடும் மக்கிய இலையுமாக இருக்கும். அதன்கீழ் நிறமும் பிடிப்பும் மாறும். அந்த மண்ணை ஒரு பிடி எடுத்து நீர் தெளித்துப் பிசைந்து, முறுக்குக்குத் திரிப்பதுபோல் திரியுங்கள். பிறகு வளையமாக வளையுங்கள். விரிசல் விடாமல் வளைந்தால் அது களிமண், ஏரியின் அடித்தட்டு. அதைத் தொடக்கூடாது. ஒவ்வொரு குழியிலும் அந்த மட்டத்தில் சிவப்புத் துணி கட்டிய குச்சியை நட்டோம். துணி தெரிந்தால் ஓட்டுநர் நிறுத்திவிட வேண்டும் என்பது பேச்சு.

ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் வயல் பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் ஏரி நீர்வளத்துறையுடையது. குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்துடையது. எதுவானாலும் பொறியாளரை வரவழைத்து, கரையின் அடியிலிருந்து எவ்வளவு தூரம் விட வேண்டும் என்று சுண்ணாம்புக் கோடு போட்டு வாங்குங்கள். கரையை ஒட்டித் தோண்டினால் முதல் பெருமழையிலேயே சரியும். வயலுக்கு வண்டல் எடுக்க வட்டாட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

சாக்கடையோ ஆலைக் கழிவோ கலக்கும் ஏரியானால் வண்டலை அப்படியே வயலில் கொட்டாதீர்கள். கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை ஓசூர்க்காரர்கள் அறிவார்கள். அந்தத் தண்ணீர் பாயும் ஏரிகளின் சேற்றில் எதுவும் படிந்திருக்கலாம். வழக்கமான மண் பரிசோதனையில் காரீயமும் குரோமியமும் தெரியாது. தனியாகக் கேட்டுச் சோதிக்க வேண்டும்.

உயிர்களுக்கு வருகிறேன். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஏரி வற்றும் நாளில்தான் ஆட்காட்டிக் குருவி தரையில் முட்டையிடும். நான்கு முட்டைகள், கூழாங்கல்லின் அதே புள்ளி, அதே நிறம். கூடு என்று சொல்ல அங்கே ஒன்றும் இராது. ஆனால் அருகே போனால் தாய்ப்பறவை தலைக்குமேல் சுற்றிக் கத்தும். கத்தும் இடத்தில் நின்று தேடுங்கள். கண்டதும் நான்கு பக்கமும் முள் வைத்து அடையாளமிட்டு அந்தத் துண்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள். குஞ்சு பொரிக்க ஏறத்தாழ நான்கு வாரம். இரண்டாம் முறை மூன்று இடங்களை அப்படி விட்டோம். பொக்லைன்காரர் முதலில் முணுமுணுத்தார். பிறகு நான்காவது இடத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவரே அவர்தான்.

மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயாது. ஆனாலும் களிமண் தடிமனாக உள்ள இடத்தில் ஒரு மடுவை மட்டும் ஆழமாக விடுங்கள். கோடையில் விராலும் கெளுத்தியும் அங்கேதான் பிழைத்துக்கிடக்கும். மாடு இறங்கி ஏற ஒரு பக்கம் சரிவாக இருக்கட்டும். கருவேல மரத்திட்டுகளையும் விட்டுவிடுங்கள். நாரைகள் அடைவது அங்கேதான். சீமைக்கருவேலத்தை மட்டும் வேரோடு எடுங்கள்.

எண்ணெய் மாற்றுவதும் டீசல் ஊற்றுவதும் கரைக்கு வெளியே. அள்ளிய மண்ணை ஓடைப் பக்கம் குவித்தால் ஒரே மழையில் திரும்ப ஏரிக்கே வந்துவிடும்.

ஓடை ஏரிக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் அகலமான குழி ஒன்று வெட்டி, ஏரிப் பக்கம் கல் அடுக்கி, வெட்டிவேர் நட்டிருக்கிறோம். வேகம் குறைந்து வண்டல் அங்கேயே படிகிறது. ஆண்டுக்கு ஒருமுறை வைகாசியில் அதை அள்ள எங்களுக்கு நான்கு ஆள், இரண்டு நாள் போதுகிறது.