அனிமேஷன் படத்தில் பணம் எங்கே கரைகிறது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் நான்கு இளைஞர்கள் ஒரு லேப்டாப்போடு என்னைப் பார்க்க வந்தார்கள். முழுநீள அனிமேஷன் படம் எடுக்கிறார்களாம். இரண்டு நிமிட டீசரைப் போட்டுக் காட்டினார்கள். மழையில் நனைந்த யானைக்குட்டி ஒன்று, அதன் நெற்றி முடியில் தொங்கி நின்று, கனம் தாங்காமல் சொட்டும் ஒரு துளி. அசந்துவிட்டேன். "முழுக் கதையையும் எப்போ பார்க்கலாம்?" என்று கேட்டேன். "ரெண்டாம் பாதி இன்னும் எழுதிட்டிருக்கோம் சார். அதுக்குள்ள முதல் பாதியை அனிமேட் பண்ண ஆரம்பிச்சுட்டோம்" என்றான் ஒருவன்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு தயாரிப்பாளரின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து இதே வார்த்தைகளை நான் சொல்லியிருக்கிறேன்.

ஃபைலை இரண்டு இடத்தில் சேமித்து வை, சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஒரு படத்தின் லாபத்தையே தின்றுவிடும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

வசூலை வருமானம் என்று நினைப்பது

2025இல் சீனாவின் அனிமேஷன் படம் நெஜா 2 உலக அளவில் 200 கோடி டாலரைத் தாண்டியது. அதே வருடம் நம் நாட்டின் மகாவதார் நரசிம்மா 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது. அதன் பிறகு என்னிடம் வரும் திட்ட அறிக்கைகளில் எல்லாம் முதல் பக்கத்திலேயே இந்த இரண்டு எண்களும் இருக்கின்றன. அது டிக்கெட் கவுண்டரில் விழுந்த பணம். அதிலிருந்து வரி போகும், தியேட்டர் பங்கு போகும், விநியோகஸ்தர் கமிஷன் போகும், விளம்பரச் செலவு போகும். ஹாலிவுட் படம் ஒன்று சீனாவில் 100 ரூபாய் வசூலித்தால் ஸ்டுடியோவுக்குத் திரும்பி வருவது 25 ரூபாய் அளவுதான். உங்கள் கைக்கு வசூலில் பாதிகூட வராது என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

கூட்டத்துக்குள் போய் நிற்பது

2013 கோடையை நான் எல்லோருக்கும் உதாரணமாகச் சொல்வேன். அமெரிக்காவில் ஜூன் 21 மான்ஸ்டர்ஸ் யுனிவர்சிட்டி, ஜூலை 3 டெஸ்பிக்கபிள் மீ 2, ஜூலை 17 டர்போ, ஜூலை 31 ஸ்மர்ஃப்ஸ் 2, ஆகஸ்ட் 9 பிளேன்ஸ். ஏழு வாரத்தில் ஐந்து படங்கள், எல்லாமே ஒரே குடும்பத்தை நம்பி. நாலு பேருக்கு டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங் என்று செலவழித்துவிட்டு வீடு திரும்பும் அப்பா, இரண்டே வாரத்தில் மறுபடியும் தியேட்டருக்குக் கிளம்புவாரா?

டர்போவுக்குத் தயாரிப்புச் செலவு 12.7 கோடி டாலர். உலக வசூல் 28 கோடி டாலர். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு மடங்குக்கு மேல். ஆனாலும் அதை எடுத்த டிரீம்வொர்க்ஸ் ஸ்டுடியோ அந்தப் படத்துக்காகச் சுமார் 1.35 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுத வேண்டி வந்தது. டெஸ்பிக்கபிள் மீ 2 வசூலித்தது 97 கோடி டாலர். அதை எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் செலவு: 7.6 கோடி டாலர். டர்போவின் வசூலே அதற்கும் கிடைத்திருந்தாலும் அந்தப் படம் தப்பித்திருக்கும் என்பது என் கணிப்பு. பக்கத்துத் தியேட்டரில் என்ன படம் ஓடும் என்பது நம் கையில் இல்லை. செலவு நம் கையில் இருக்கிறது.

கதையைப் பூட்டாமல் அனிமேஷனில் இறங்குவது

இதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அன்று நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தது ஒரு கிராமத்துக் கதை. அதில் சந்தைக்குள் ஒரு வெள்ளாட்டைத் துரத்தும் காட்சி, நான்கு நிமிடம். இருப்பதிலேயே கலகலப்பான காட்சி என்பதால் அதைத்தான் முதலில் எடுத்தோம். நான்கு நிமிடம் என்றால் 240 விநாடி. விநாடிக்கு 24 தனித்தனிப் படம், அதாவது ஃபிரேம், என்ற கணக்கில் 5,760 ஃபிரேம். ஒரு அனிமேட்டர் வாரத்துக்கு ஐந்து விநாடி முடித்தால் நல்ல வேகம். ஆறு பேர் எட்டு வாரம் உழைத்தார்கள். ஆடு தக்காளிக் கூடைமேல் தாவும்போது கழுத்துக் கயிறு ஒரு கணம் தளர்ந்து, மறுபடி விறைக்க வேண்டும். அந்த ஒரு ஷாட்டுக்காக ஒரு பையன் ஒன்பது நாள் உட்கார்ந்தான். அப்புறம் லைட்டிங், ரெண்டர், அதாவது ஒவ்வொரு ஃபிரேமையும் கம்ப்யூட்டர் முழுப் படமாக ஆக்கித் தருவது. சாயங்காலம் போட்டுவிட்டுப் போவோம், காலையில் வந்தால் பாதி ஃபிரேம் கறுப்பாக இருக்கும். மறுபடி போடுவோம்.

ஏழு மாதம் கழித்து இரண்டாம் பாதி எழுதி முடிந்தது. முழுக் கதையையும் வரிசையாக வைத்துப் பார்த்த அன்றைக்கே எல்லோருக்கும் புரிந்துவிட்டது: கதைக்கு ஆடு தேவையில்லை. அந்தப் பெண் சந்தைக்குப் போகவே வேண்டாம். காட்சி மொத்தமும் போனது. கயிற்று ஷாட் எடுத்த பையன் ஒன்றும் பேசாமல் டீ குடிக்க வெளியே போனான். படம் அந்த அடியிலிருந்து எழவேயில்லை. பணம் தீர்ந்து, பாதியில் நின்றது.

நம் ஊரில் இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடக்க எனக்குத் தெரிந்து இரண்டு காரணங்கள். ஒன்று, நமக்கெல்லாம் சினிமா என்றால் ஷூட்டிங்தான். "எடுத்து வெச்சுக்குவோம், எடிட்டிங்ல பார்த்துக்கலாம்" என்பது கோடம்பாக்கம் முழுக்கக் கேட்கும் பேச்சு. அங்கே அது செல்லும், ஒரு டேக் கூட எடுத்தால் அரை மணி நேரம்தான் போகும். அனிமேஷனில் எடிட்டிங் முதலில், படப்பிடிப்பு கடைசியில். 90 நிமிடப் படத்தில் 1,29,600 ஃபிரேம். ஒரு ஃபிரேமுக்கு இரண்டு மணி நேரம் என்றால், 100 மெஷின்கள் இரவு பகலாக ஓடினாலும் 108 நாள். அதில் பத்து நிமிடத்தை வெட்டி எறிய யாருக்குக் கட்டுப்படியாகும்?

இரண்டாவது காரணம் சம்பளப் பட்டியல். நாற்பது பேரை வேலைக்கு எடுத்தாயிற்று, கதை தயாரில்லை, எல்லோரும் கம்ப்யூட்டர் முன்னால் சும்மா இருக்கிறார்கள். பணம் போட்டவர் வந்து பார்க்கிறார். "சும்மா இருக்கற நேரத்துல ஏதாவது ஒரு சீனை முடிங்களேன்" என்கிறார். அவர் சொல்வது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் சும்மா இருப்பவருக்குச் சம்பளம் மட்டும்தான் செலவு. வேண்டாத காட்சியை எடுப்பவருக்கு மெஷின், மின்சாரம், மறுவேலை எல்லாம் சேர்கிறது. அதைவிட, கஷ்டப்பட்டு எடுத்த காட்சியை விட மனசு வராமல் கதையை அதற்கேற்ப வளைக்க ஆரம்பிப்போம். எங்கள் ஆட்டைக் காப்பாற்ற மட்டுமே மூன்று மாதம் திரைக்கதையைத் திருத்தினோம். கதை தயாராகும்வரை ஐந்தாறு பேருக்கு மேல் வேலைக்கு எடுக்காதீர்கள்.

பெரிய ஸ்டுடியோக்களும் இதில் அடிபட்டிருக்கின்றன. டாய் ஸ்டோரியின் முதல் வடிவத்தை 1993 நவம்பரில் பிக்ஸார் ஸ்டுடியோக்காரர்கள் டிஸ்னிக்குப் போட்டுக் காட்டினார்கள். அது எடுபடவில்லை. வேலையை நிறுத்தித் திரைக்கதையைத் திரும்ப எழுதினார்கள். படம் அப்போது பெரும்பாலும் வரைந்த சித்திரங்களாகவே இருந்ததால்தான் அப்படி மாற்ற முடிந்தது. அதே பிக்ஸார் தி குட் டைனோசரில் தாமதமாக விழித்துக்கொண்டது. இயக்குநரை மாற்றி, கதையை மாற்றி, 2014 மே மாதம் வர வேண்டிய படம் 2015 நவம்பரில் வந்தது. சுமார் 33 கோடி டாலர் வசூலித்தும், பிக்ஸாரின் முதல் நஷ்டப் படம் என்றுதான் அதைச் சொல்கிறார்கள்.

இதைச் சொன்னால் பையன்கள் ஃப்ளோ படத்தை எடுத்துக் காட்டுகிறார்கள். லாட்வியா இயக்குநர் ஒருவர் பிளெண்டர் என்ற இலவச 3டி மென்பொருளில், சுமார் 35 லட்சம் யூரோவில் எடுத்து, 2025இல் ஆஸ்கர் வாங்கிய படம். அந்த இயக்குநர் ஸ்டோரிபோர்டே, அதாவது காட்சிகளை முன்கூட்டியே வரிசையாக வரையும் சித்திரங்களே, வரையவில்லையே என்கிறார்கள். உண்மைதான். ஆனால் 3டியிலேயே எளிய உருவங்களை வைத்து, கேமராவைத் தானே நகர்த்தி அனிமேட்டிக், அதாவது படத்தின் ஓடும் முன்வரைவு, செய்து பார்த்தார். பென்சிலுக்குப் பதில் பிளெண்டர், அவ்வளவுதான்.

சரி, என்ன செய்வது? முழுப் படத்தையும் கோட்டுச் சித்திரமாகவோ சாம்பல் நிறப் பொம்மைகளாகவோ வைத்து, உங்கள் குரலையே தற்காலிகமாகப் பேசிச் சேர்த்து, தொடக்கம் முதல் முடிவு வரை ஓட்டுங்கள். படத்தில் வேலை செய்யாதவர்களுக்குக் காட்டுங்கள். எந்த இடத்தில் போனை எடுக்கிறார்கள் என்று பாருங்கள். திருத்துங்கள், மறுபடி காட்டுங்கள். இதில் ஆறு மாதம் போனாலும் போகட்டும்.

பொம்மை விற்றுச் சம்பாதிக்கலாம் என்பது

கார்ஸ் படத்தின் பொம்மைகளும் பைகளும் ஐந்து வருடத்தில் ஏறக்குறைய 1,000 கோடி டாலருக்குக் கடைகளில் விற்றன. உண்மை. அதை உலகமெங்கும் கடைகளில் கொண்டுபோய் வைக்க டிஸ்னி இருந்தது. சோட்டா பீம் 2008 முதல் தினமும் டிவியில் வந்து குழந்தைகளுக்குப் பழகிய முகம். ஒரே ஒரு படத்தோடு வருகிறவர் பொம்மை வருமானத்தை பட்ஜெட்டில் எழுதவே கூடாது.

பெரிய நடிகரின் குரல்

போஸ்டருக்கு உதவும். பணம் மிஞ்சினால் வாங்குங்கள்.

குழந்தைகள் படம்தானே என்பது

டிக்கெட் வாங்குபவர் குழந்தை இல்லை.

அந்த நான்கு பேரும் டீசரை அப்படியே எடுத்து வைத்துவிட்டு இரண்டாம் பாதியை எழுதி முடித்திருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை முழு அனிமேட்டிக்கோடு வீட்டுக்கு வருகிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரையும் அவர்கள் அம்மாவையும் கூப்பிட்டிருக்கிறேன். யானைக்குட்டி அதில் வெறும் சாம்பல் நிற உருண்டையாகத்தான் இருக்கும்.