கை அளந்து சவலையைக் கண்டறியும் முறை

தாய் மீண்டும் கருவுற்றதால் பால் மறக்கடிக்கப்பட்டு மெலியும் குழந்தையைச் சவலைப் பிள்ளை என்கிறோம். கானாவின் கா மொழிச் சொல்லான ‘குவாஷியோர்கர்’ என்பதும் அடுத்த குழந்தை வந்ததும் முந்தையதைப் பற்றும் நோயையே குறிக்கும். அதை 1930களில் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தினார். இந்தியாவில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் 19.3 விழுக்காட்டினர் உயரத்திற்கேற்ற எடையின்றி மெலிந்திருந்தனர். நாள்தோறும் பார்க்கும் கண்ணுக்கு இந்த மெலிவு எளிதில் தெரிவதில்லை. ‘அப்பன் வாகு, ஒல்லியாகத்தான் இருப்பான்’ என்று வீட்டார் சொல்லிவிடுவதால் அளந்து பார்ப்பதே நல்லது.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தையைத் தாயின் மடியில் அமர்த்தி, சட்டையைக் கழற்றி, இடக்கையை முழங்கையில் மடக்குங்கள். தோள் எலும்பின் முனையிலிருந்து முழங்கை முனை வரை ஒரு நூலைப் பிடித்து, அதை இரண்டாக மடித்தால் மேற்கையின் நடுப்பகுதி கிடைக்கும். அங்கே பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு கையைத் தொங்கவிட்டு, அந்தப் புள்ளியின் மேல் நாடாவைச் சுற்றுங்கள். தோல் சுருங்கும்படி இறுக்கவும் கூடாது, இடைவெளி தெரியும்படி தளர்த்தவும் கூடாது. பால்வாடியில் வண்ண நாடா இருக்கும். இல்லையெனில் தையல்காரரின் நாடாவில் சென்டிமீட்டர் பக்கத்தைப் பாருங்கள். 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடும் ஊட்டக்குறைவு, 11.5 முதல் 12.5க்குள் இருந்தால் மிதமான ஊட்டக்குறைவு.

அடுத்து, இரு பாதங்களின் மேற்புறத்தையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்துங்கள். விரலை எடுத்த பிறகும் இரண்டிலும் குழி நின்றால், கையளவு எதுவாயினும் அது கடும் நிலையே. வீங்கிய குழந்தை கொழுகொழுவென்று தெரிவதால் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். இந்தச் சோதனையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

கடும் நிலையில் உள்ள குழந்தையை அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். வீக்கம், காய்ச்சல், ஓயாத வாந்தி, சோர்வு, உணவை மறுத்தல் இருந்தால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். பசித்த பிள்ளை என்ற இரக்கத்தில் ஒரேயடியாக ஊட்டிவிடாதீர்கள். நலிந்த உடலின் உப்புச் சமநிலை குலைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், போகும் வழியில் உடலைப் போர்த்தி வெதுவெதுப்பாக வைத்திருங்கள்.

மிதமான நிலையெனில் பால்வாடியில் எடை பார்த்துப் பதிந்து, அங்கு தரும் சத்துமாவைக் குழந்தைக்கே கொடுக்கச் சொல்லுங்கள். இங்கே தாயைக் கடிந்துகொள்வது மிகவும் தவறு. விடியலில் கூலி வேலைக்குப் போகிறவள், எட்டு வயது மகளிடம் பிள்ளையையும் நீர்த்த கஞ்சியையும் விட்டுச் செல்ல நேர்வது வறுமையினால்தான். அந்தக் கஞ்சி சின்ன வயிற்றை நிரப்பிவிடுமே தவிர உடலைத் தேற்றாது. ஆகவே செலவு கூடாத வழியைச் சொல்லுங்கள்: கரண்டியைச் சாய்த்தாலும் வழியாத அளவுக்குக் கஞ்சியைக் கெட்டியாக்கி, ஒரு தேக்கரண்டி எண்ணெயும் மசித்த பருப்பும் சேர்த்து, சிறிது சிறிதாக நாளுக்கு ஐந்து முறை ஊட்டலாம். வயிற்றுப்போக்கின்போதும் உப்புச் சர்க்கரைக் கரைசலுடன் உணவு தொடர வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து, அதே நாடாவால், அதே கையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அப்படியே, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அந்த அக்காள் என்ன சாப்பிட்டாள் என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.