சிவப்பு அட்டை வாங்காமல் நடப்பது எப்படி: மெக்சிகோ நடைவீரர்கள் கற்றுத்தரும் பாடம்

2000 சிட்னி ஒலிம்பிக்கில் 20 கி.மீ. நடைப் பந்தயத்தின் எல்லைக்கோட்டை முதலில் தொட்டவர் மெக்சிகோவின் பெர்னார்டோ செகூரா. அதிபர் செடில்லோவுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது வந்தது தகுதி நீக்கச் செய்தி. 1976 மாண்ட்ரியலில் தங்கம் வென்ற டேனியல் பாவ்டிஸ்டாவுக்கும் 1980 மாஸ்கோவில் இதே கதிதான். முன்னணியில் போய்க்கொண்டிருந்தவரை எல்லை நெருங்கும் நேரத்தில் வெளியேற்றினார்கள். இருவருக்கும் வேகத்தில் குறையே இல்லை. 20,000 மீட்டரை 1:17:25.6-ல், அதாவது கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 52 விநாடி கணக்கில் நடந்து முடித்தவர் செகூரா. ஆகவே பயிற்சி, களைத்த உடம்பிலும் நடை கெடாமல் இருப்பதற்கானதாக இருக்க வேண்டும்.

விதி இரண்டுதான். நடுவரின் வெறுங்கண்ணுக்கு இரண்டு காலும் ஒருசேரத் தரையை விட்டது தெரியக் கூடாது. முன்வைத்த கால் தரையைத் தொட்டதிலிருந்து உடம்புக்கு நேர் கீழே வரும்வரை முழங்கால் மடங்கக் கூடாது. நடுவர் எச்சரிக்கையாகக் காட்டும் மஞ்சள் பலகையில் நெளிகோடு இருந்தால் முதல் விதியை மீறுகிறீர்கள். கோணக் குறி இருந்தால் இரண்டாவது விதியை. மஞ்சள் காட்டாமலேயே சிவப்பு அட்டை, அதாவது தகுதி நீக்கப் பரிந்துரை, எழுத நடுவருக்கு உரிமை உண்டு. அதை உங்களிடம் வந்து யாரும் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் சிவப்பு அட்டைகளைக் காட்டும் அறிவிப்புப் பலகையைப் பார்த்தே தீர வேண்டும்.

முதலில் ஒரு நேர்கோட்டைத் தேடுங்கள். ஓடுதளக் கோடே போதும். பாதங்கள் அதன் மேல், ஒன்றன் முன் ஒன்றாக விழ வேண்டும். இடுப்பு முன்னும் பின்னுமாகத் திரும்பினால்தான் இது வரும். திரும்பாத இடுப்போடு நடந்தால் பாதங்கள் இருபுறமும் அகன்று விழும், எட்டு வைக்கும் தூரமும் குறுகும். குதிகால் முதலில், முன்பாதம் தூக்கியபடி. முழங்கை சுமார் 90 பாகை. கை பின்னால் போகும்போது இடுப்பை ஒட்டியே போகட்டும். தோள் ஏறினால் உடம்பும் மேலே எழும்பும், தரைத் தொடர்பு அறும்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, வேகத்துக்காகக் காலை முன்னால் எட்டி வைப்பது. அங்கே விழும் கால் தடைபோடும், முழங்காலும் மடங்கும். எட்டு நீள வேண்டியது உடம்புக்குப் பின்னால். கட்டைவிரல் தள்ளிவிடும்வரை பின்கால் தரையில் இருக்கட்டும்.

முதல் இரண்டு வாரம் 100 மீட்டர் பந்தய நடை, 100 மீட்டர் சாதாரண நடை என்று 10 முறை போதும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசை எரியும். முன்பாதத்தைத் தூக்கிப் பிடிப்பது அதுதான். குதிகாலில் 20 காலடி நடப்பதை மூன்று தடவை செய்து அதைப் பழக்குங்கள். தடித்த, உயர்ந்த குதியுள்ள காலணி வேண்டாம். தொடைப் பின்தசை இறுகியிருந்தாலும் கால் நீளாது.

பிறகு 1 கி.மீ. நான்கு முறை. முதலாவதையும் நான்காவதையும் பக்கவாட்டில் இருந்து, முழங்கால் உயரத்தில் கைபேசியை வைத்துப் படம் எடுங்கள். மெதுவாக ஓடவிட்டு முழங்காலை மட்டும் பாருங்கள். இரண்டு பாதமும் ஒருசேர எழும்புகிறதா என்பதைச் சாதாரண வேகத்தில்தான் பார்க்க வேண்டும். மெதுவாக ஓட்டினால் உலகச் சாம்பியனும் பறப்பார். நான்காவதில் முழங்கால் மடங்கினால் வேகத்தைக் கூட்டாதீர்கள்.

பந்தயத்தில் மூன்று வெவ்வேறு நடுவர்களின் சிவப்பு சேர்ந்தால் ஆட்டம் முடிந்தது. தண்டனைப் பகுதி வைத்த போட்டிகளில் மூன்றாவது சிவப்புக்கு, 20 கி.மீ. பந்தயத்தில் 2 நிமிடம் அங்கே நின்றுவிட்டுத் தொடரலாம்; நான்காவது வந்தால் வெளியே. பலகையில் இரண்டு சிவப்பு தெரிந்ததுமே எட்டைக் குறுக்கிக் கொள்ளுங்கள், காலடி எண்ணிக்கையைக் குறைக்க வேண்டாம். கிலோமீட்டருக்கு 5 விநாடி போகும். அந்த 2 நிமிடத்தோடு ஒப்பிட்டால் மலிவுதான்.