உலர்புல்லைக் கட்டாகக் கட்டுதல்: உழைப்பும் செலவுக் கணக்கும்

வைக்கோல் என்பது கதிரடித்த பின் மிஞ்சும் தாள். உலர்புல் என்பது கால்நடைக்கென்றே பச்சையாக அறுத்துக் காயவைக்கும் தீவனம். ஆகையால் இங்கே செய்யும் ஒவ்வொரு வேலையும் புல்லில் உள்ள சத்தைக் காப்பதற்கானது.

முதலில் அறுப்பு. புல் பூக்கத் தொடங்கும் தருவாயில், மூன்று நான்கு நாள்கள் மழை வராது என்று தெரிந்த பின், தரையிலிருந்து 7 முதல் 10 சென்டிமீட்டர் விட்டு அறுக்க வேண்டும். 80 விழுக்காடு ஈரத்துடன் அறுத்த 100 கிலோ புல், 15 விழுக்காட்டுக்குக் காய்ந்ததும் ஏறத்தாழ 23.5 கிலோவாகக் குறைந்துவிடும் என்பதால், பச்சைக் குவியலைப் பார்த்து வருமானத்தைக் கணக்கிட வேண்டாம்.

அறுத்த புல்லைப் பரப்பி, மேலும் கீழும் ஒன்றுபோல் காயப் புரட்டிவிடுங்கள். குதிரைமசால் போன்ற பயறுவகைத் தீவனத்தில் புரதம் பெரும்பாலும் இலையில்தான் இருக்கிறது. மொறுமொறுவென்று காய்ந்த பின் கிளறினால் இலை உதிர்ந்து வெறும் தண்டுதான் மிஞ்சும். காலைப் பனியின் ஈரம் சிறிதே இருக்கும்போது வரிசையாகக் கூட்டுவது நல்லது.

அடுத்த படியான கட்டுதலில் அவசரம் கூடாது. சிறிய சதுரக் கட்டுக்கு ஈரப்பதம் 15 முதல் 18 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். கருவி இல்லாதவர்கள், நறுக்கிய புல்லைக் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் போட்டு, ஒரு கரண்டி உலர்ந்த உப்பைச் சேர்த்து, மூடி நன்றாகக் குலுக்கிப் பார்க்கலாம். உப்பு பொலபொலவென்று உதிர்ந்தால் கட்டலாம். கட்டிதட்டினால் காத்திருக்க வேண்டும். ஈரத்தோடு கட்டிய புல்லில் பூசணம் பிடிக்கும். உள்ளே சூடேறி, சில வாரங்களில் கொட்டகையே தீப்பிடித்த நிகழ்வுகளும் உண்டு. அடுக்கிய பிறகும் சில வாரங்களுக்கு உட்சூட்டைச் சோதித்துவாருங்கள்; 80 பாகை செல்சியஸை நெருங்கினால் அது தீ விபத்துக்கான அறிகுறி; கட்டுகளைப் பிரிக்காமல் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும்.

இனிக் கணக்கு. 20 கிலோ எடையுள்ள 1,000 கட்டுகள் 20 டன். வயலிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து கொட்டகைக்கு, பிறகு வாங்குபவரின் வண்டிக்கு என மூன்று முறை தூக்கினால், கையால் சுமந்தது 60 டன். கயிறு உள்ளங்கையை அறுக்க, முழங்கைவரை புல் குத்த, வெயில் இறங்குமுன் முடிக்க வேண்டிய இந்த வேலையை வீட்டாரே செய்துவிடுவதால், பலர் அதற்குக் கூலி போடுவதில்லை. கூலியைச் சேர்த்த பிறகும் மிஞ்சுவதே உண்மையான இலாபம்.

கட்டும் இயந்திரத்தின் தேய்மானமும் வட்டியும் 500 கட்டுக்கும் 5,000 கட்டுக்கும் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே சிறிய நிலத்துக்கு வாடகை இயந்திரமே பொருந்தும் என்பது என் கருத்து. கட்டின் இறுக்கத்தைப் பொறுத்து எடை மாறுவதால், பத்துக் கட்டுகளை நிறுத்துச் சராசரி பார்த்து, எடைக்கு விலை பேசுங்கள். புல்லோடு தழைச்சத்தும் (நைட்ரஜன்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) வயலை விட்டுப் போகின்றன. அவற்றைத் திரும்ப இடும் உரச்செலவும் அந்த விலையில் அடங்க வேண்டும்.